பையைப் பார்த்துக்கொள்பவள்

நுழைவாயிலில் டிக்கெட் கொடுத்த பெண் என்னைப் பார்க்கவில்லை. என் பின்னால் நின்ற என் கணவர் முகுந்தனைப் பார்த்து, "இவங்களுக்கும் டிக்கெட்டா சார்?" என்று கேட்டாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளிடம் கேட்க வேண்டியதை, உடன் வந்தவரிடம் கேட்பது நம் ஊர் வழக்கம். அது எனக்குப் பழகிவிட்டது. பழகாதது, அடுத்து நடந்ததுதான்.

"எனக்கெதுக்குங்க டிக்கெட்டு? நான் சும்மா வேடிக்கை பாக்க வந்தவ."

என் குரல்தான். ஆனால் நான் சொல்லவில்லை. என் வாயிலிருந்து சொல் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் தலைக்குப் பின்னால், நாற்காலியின் சாய்மானத்தில் இருக்கும் ஒலிபெருக்கி சொன்னது. டிக்கெட் பெண் சிரித்துவிட்டாள். "நல்லா ஜாலியா பேசறாங்க சார்" என்றாள், அதையும் முகுந்தனிடம்தான்.

நான் மனதுக்குள் கத்தியது வேறு. வாங்குங்க. முழு டிக்கெட் வாங்குங்க. இன்னைக்கு ஏறலைன்னா இனி எப்பவுமே ஏற முடியாது.

முகுந்தன் பாவம், என் குரல் சொன்னதைத் தட்டிவிட்டு எனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினார். "இருக்கட்டும் வினோ, உள்ள போய் உனக்குத் தோணுச்சுன்னா" என்றார். அவர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவரைத் திட்டப் போகிறேன்.

என் பெயர் வினோதினி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டுக்காரன் என்ன கேட்டாலும் "நோ ப்ராப்ளம்" சொல்கிற வேலை. பிறகு இந்த வியாதி வந்தது. நரம்புகள் ஒவ்வொன்றாகத் தசைகளோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்ளும் வியாதி. முதலில் கால், அப்புறம் கை, அப்புறம் நாக்கு. உணர்ச்சி மட்டும் எங்கும் போகவில்லை. கொசு கடித்தால் நன்றாகத் தெரியும். அடிக்கத்தான் முடியாது.

கண் இமை இன்னும் என் பேச்சைக் கேட்கிறது. அதை வைத்துத்தான் கொஞ்ச காலம் ஓட்டினோம். ஒரு தடவை மூடித் திறந்தால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. என் மகள் மிருதுளா கண்டுபிடித்தது. என் முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்து, "இட்லியா? தோசையா? டிவியா?" என்று கேட்டுக்கொண்டே போவாள். ஒரு சின்னப் பேச்சுக்கு அரைமணி நேரம் ஆகும். சலித்துக்கொள்ளவே மாட்டாள்.

அப்போதுதான் நாற்காலிக்கு 'துணைமனம்' என்ற கருவி வந்தது. கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கே வந்து போட்டுவிட்டுப் போனார்கள். என் கழுத்தில் ஒரு பட்டை. மூளையிலிருந்து புறப்பட்டுத் தசைக்குப் போய்ச் சேராமல் செத்துப்போகும் உத்தரவுகளை அது வழியிலேயே பிடித்து, பேச்சாகவும் சக்கர ஓட்டமாகவும் மாற்றும். பிடித்தது அரைகுறையாக இருந்தால், மீதியை நாற்காலி ஊகித்து நிரப்பும். ஊகிக்க வேண்டுமென்றால் என்னைத் தெரிந்திருக்க வேண்டுமே. அதற்காக என் பழைய குரல் பதிவுகள், போன் பேச்சுகள், நான் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் முகுந்தன் இராத்திரி பகலாக உட்கார்ந்து சேகரித்துக் கொடுத்தார். முதல் நாள் என் குரலில் "ஏனுங்க, சாப்டீங்களா?" என்று நாற்காலி கேட்டபோது, அவர் சமையலறைக்குப் போய் அழுதார். எனக்குக் கேட்டது.

ஆரம்பத்தில் முக்கால்வாசி நான், கால்வாசி அது. என் நரம்பு தேயத் தேயக் கணக்கு மாறியது. இப்போது நான் எவ்வளவு, அது எவ்வளவு என்று எனக்கே தெரியாது. அது சரளமாகப் பேசப் பேச, என் முகத்தைப் பார்த்துக் கேட்கும் அவசியம் யாருக்கும் இல்லாமல் போயிற்று. கேள்வியை நாற்காலியின் முதுகைப் பார்த்தே கேட்கிறார்கள். பதில் அங்கிருந்துதானே வருகிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது எதையாவது கொடுத்தால் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். காபி குடிக்கிறீங்களா? வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சேன். சாப்பிட்டுப் போங்க. ஐயோ வேண்டாங்க, வயிறு நிறைஞ்சிருக்குது. இரண்டாம் தடவை கையைப் பிடித்து இழுத்தால்தான் இலையில் உட்கார வேண்டும். இது பொய்யில்லை, மரியாதை. சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். நாற்காலிக்கு மட்டும் தெரியாது. நான் வாழ்நாளெல்லாம் சொன்ன வேண்டாம்களை அது அப்படியே நம்பிவிட்டது.

நாங்கள் போனது வாளையாறு மலையடிவாரத்தில் இருக்கும் 'விண்ணுலா' என்ற கேளிக்கைப் பூங்கா. மிருதுளாவுக்குப் பதினாலு வயசு. என்னையும் கூட்டிப்போக வேண்டும் என்று அவள் அடம்பிடித்து வந்த இடம். அங்கே 'கருடன்' என்று ஒன்று இருக்கிறது. உயரமான தூண். ஆட்களைக் கட்டி மெல்ல உச்சிக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள், அங்கே கொஞ்சம் நிறுத்துவார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். அவ்வளவுதான். விழ வேண்டியதுதான்.

எனக்கு விழ வேண்டும். காலேஜில் கடைசி வருஷம் டூர் போனபோது இதே மாதிரி ஒன்றில் எல்லாப் பெண்களும் ஏறினார்கள். பைகளையும் செருப்புகளையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று பேச்சு வந்தது. யாரும் என்னைக் கேட்பதற்கு முன்னாலேயே, "எனக்குப் பயமா இருக்குதுடி, நீங்க போயிட்டு வாங்க, நான் பையைப் பாத்துக்கறேன்" என்றேன். பயமெல்லாம் ஒன்றுமில்லை. இரண்டாம் தடவை கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். பைகளை என் மடியில் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். அவர்கள் விழுந்தபோது போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு கல்யாணத்திலும் பொருட்காட்சியிலும் கடற்கரையிலும் நான்தான் பை பார்ப்பவள். அலையில் கால் நனைக்கப் போகிறவர்கள் செருப்பை என் பக்கத்தில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள்.

தீபாவளிக்கு அப்புறம் என் கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழாய் வைக்கப் போகிறார்கள். அது வந்துவிட்டால் எந்த ராட்டினத்திலும் ஏற்ற மாட்டார்கள். இந்த உடம்பு இனி தானாக ஒரு அசைவும் அசையாது. ஆனால் விழும்போது வயிறு மேலே எழும்புமே, தொண்டை வரைக்கும் குளிருமே, அதற்குத் தசை வேண்டாம். சும்மா இருந்தால் போதும். எனக்குச் சும்மா இருக்கத்தான் நன்றாக வருகிறது.

உள்ளே நாற்காலி என்னை ஓட்டிக்கொண்டு போனது. எதிரில் வந்த ஒவ்வொருவருக்கும் ஒதுங்கி வழிவிட்டது. ஒருத்தன் போன் பார்த்துக்கொண்டே வந்து என் கால் மேல் இடித்தான். வலியில் உயிர் போயிற்று. "பரவாயில்லீங்க, நான்தான் பாக்காம வந்துட்டேன்" என்றது என் குரல். ஐஸ்கிரீம் கடையில் முகுந்தன் என்ன வேண்டும் என்று கேட்டார். பலாப்பழ ஐஸ்கிரீம் கண்ணுக்கு நேரே மஞ்சளாக இருந்தது. "எதுன்னாலும் சரிங்க" என்றது. வெனிலா வாங்கி ஸ்பூனால் என் நாக்கில் வைத்தார். எனக்கு வெனிலா பிடிக்காது என்பது இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் நான் யாருக்கும் சொன்னதே இல்லை.

கருடன் வாசலில் நின்ற பெண் ஊழியரிடம் மிருதுளா, "அக்கா, வீல்சேர் ஏறுமா?" என்று கேட்டாள்.

"ஏறும் கண்ணு. அப்பிடியே பூட்டிக்கலாம். ஆனா தானா வரணும். தரையில போட்டிருக்கற அந்த மஞ்சக் கோட்டை அவங்களே தாண்டி வரணும். நாங்க தள்ளக் கூடாது, நீங்களும் தள்ளக் கூடாது."

"எதுக்கு அப்பிடி?"

"வேண்டாங்கறவங்களக் கட்டித் தூக்கி ஏத்துனா தப்புதான? வீல்சேர்காரங்களே போராடி வாங்குன ரூல்ஸ் இது."

நல்ல விதி. நான் போராட்டத்துக்குப் போயிருந்தாலும் இதற்குத்தான் கை தூக்கியிருப்பேன்.

மிருதுளா கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, "அம்மா, வா" என்றாள்.

நான் போனேன். எப்படிச் சொல்வது, உள்ளே இருந்ததையெல்லாம் சேர்த்துப் பிடித்துத் தள்ளினேன். பிரசவத்தில்கூட அப்படித் தள்ளவில்லை. போ, போ, போய்த் தொலை. நாற்காலி முன்னால் நகர்ந்தது. ஒரு சாண் இருக்கும். சக்கரத்துக்கு அடியில் மணல் நெரிபடும் சத்தம் கேட்டது. அப்புறம் நின்றது. பிறகு, யாரும் காலை மிதித்துவிடக் கூடாதே என்று பதவிசாகப் பின்னால் பார்த்து, திரும்பிப் பழைய இடத்துக்கே வந்தது.

"வேண்டாம் சாமி, எனக்கு இதெல்லாம் பயம். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் பையைப் பாத்துக்கறேன்."

முகுந்தன் தோள்பையைக் கழற்றத் தொடங்கிவிட்டார். மிருதுளா மட்டும் அசையவில்லை.

"அப்பா, அம்மா முன்னாடி வந்தாங்க."

"தரை சரிவா இருக்குது கண்ணு."

"சரிவு இந்தப் பக்கம்ப்பா. மேடு ஏறி வந்தாங்க."

அதோடு அவள் விடவில்லை. எங்களை இழுத்துக்கொண்டு, நாற்காலிகளுக்குச் சார்ஜ் போடும் உதவி மையத்துக்குப் போனாள். அங்கே பிரசன்னா என்று ஒரு டெக்னீஷியன் இருந்தான். நாற்காலியில் ஒரு வயரைச் செருகித் திரையைப் பார்த்தான்.

"பட்டையில இருந்து பலமா ஒண்ணு வந்திருக்குதுங்க. ஆனா சேர் அதை இரைச்சல்னு தள்ளிட்டுது."

"இரைச்சல்னா?" என்றாள் மிருதுளா.

"வழக்கத்துக்கு மாறா வர்றதெல்லாம் இரைச்சல்ங்க. இப்ப அம்மா இருக்காங்க, கூட்டத்தப் பாத்தா ஒதுங்குறவங்க, எது குடுத்தாலும் வேண்டாங்கறவங்க. அதுக்கு நேர்மாறா திடீர்னு ஒண்ணு வந்தா, ஒடம்பு தூக்கிப்போட்டுதுன்னு எடுத்துக்கும். இல்லீன்னா ஒவ்வொரு நடுக்கத்துக்கும் வண்டி ஓடி யாரு மேலயாச்சும் மோதிருமே."

"அப்ப இதுல பேசறது எங்கம்மா இல்லியா?"

பிரசன்னா கொஞ்சம் தடுமாறினான். "அம்மாதாங்க. அம்மாவோட பழக்கம்."

"அம்மாவும் அம்மாவோட பழக்கமும் ஒண்ணாங்கண்ணா?"

அவன் முகுந்தனைப் பார்த்தான். அடி என் தங்கமே, என்று நான் உள்ளே கூவினேன். விடாதே, கேள், இன்னும் கேள்.

"அதை அணைச்சுட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

"அணைக்கலாங்க. வெறும் பட்டையில ஓடும், ரொம்ப மெதுவாப் போகும். பேச்சு வராது. குடும்பத்துல பெரியவங்க யாராச்சும் சரின்னு சொல்லணும்."

மிருதுளா அப்பாவைப் பார்த்தாள். முகுந்தன் தலையைக் குனிந்துகொண்டார்.

"வேண்டாம் கண்ணு. போன தடவை அப்டேட் போட்டப்ப ஒரு நாள் பூரா அது அணைஞ்சு கெடந்துச்சு. நீ ஸ்கூல் கேம்ப்ல இருந்தே. அன்னிக்கு உங்கம்மா கண்ணுல தண்ணி நிக்கவே இல்ல, இமை அடிச்சுட்டே இருந்துச்சு. என்ன வேணும், எங்க வலிக்குதுன்னு மூஞ்சியப் பாத்து நானும் கேட்டுக் கேட்டுப் பாத்தேன். எனக்கு ஒண்ணுமே புரியல. இன்னொருக்கா என்னால அதைப் பாக்க முடியாது."

அன்று நான் அழுதது உண்மைதான். வலிக்காக அழவில்லை. ஒரு மனுஷன் என் முகத்தைப் பார்த்து என்ன வேணும், என்ன வேணும் என்று இத்தனை தடவை கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று சந்தோஷத்தில் அழுதேன். அந்த ஒரு நாளைத்தான் இவர் கெட்ட நாள் என்று எடுத்து வைத்திருக்கிறார்.

"அப்பா, ஒரே ஒருக்கா."

"அவ எப்பவும் அப்பிடித்தான் கண்ணு. உனக்குத் தெரியாது. கல்யாணமான நாள்ல இருந்து பாக்கறேன். எனக்கு இது வேணும்னு ஒரு தடவை வாயைத் தொறந்து கேட்டதில்ல. சேர் சரியாத்தான் சொல்லுது. இது உங்கம்மாதான். நீ அதைப் போட்டு நோண்டாத."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யோவ் மனுஷா, கேட்கவில்லை என்றால் வேண்டாம் என்று அர்த்தமா? இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருந்தாயே, நான் வேண்டாம் என்ற பிறகு ஒரு நாளாவது இரண்டாம் தடவை கேட்டிருக்கிறாயா? இந்த நாற்காலியோடு உனக்குச் சண்டையே வருவதில்லை. அதனால்தான் அது நான் என்று உனக்கு அவ்வளவு நிச்சயம். இப்படியெல்லாம் திட்டினேன். கழுத்துப் பட்டை எல்லாவற்றையும் பிடித்திருக்கும். பிரசன்னாவின் திரையில் ஏதோ சிவப்பாகக் குதித்தது. அவன் பார்த்துவிட்டு, "இரைச்சல் இன்னிக்கு ஜாஸ்தியா இருக்குதுங்க, வெயிலா இருக்கும்" என்றான்.

"ஏனுங்க, எனக்காக நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்காதீங்க" என்றது என் குரல், என் குரலில் இருக்கும் அத்தனை கனிவோடும். "எனக்கு இங்கயே நல்லாத்தான் இருக்குது. புள்ளைய அந்தக் கருடன்ல கூட்டிட்டுப் போங்க. வந்ததுக்கு அவளாச்சும் சந்தோசமா இருக்கட்டும்."

முகுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரசன்னா வயரைப் பிடுங்கினான்.

மறுபடியும் கருடன் வாசல். வரிசை பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. முகுந்தன் பையை என் மடியில் வைத்தார். பிளாஸ்கையும் மிருதுளாவின் சால்வையையும் வைத்தார். அப்போது மிருதுளா என் முன்னால் வந்து, அந்தச் சூட்டுத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். பழைய நாட்களில் உட்காருவாளே, அப்படி. அவள் மூக்கு நுனியில் வியர்த்திருந்தது. இவ்வளவு கிட்டத்தில் அவளைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. மேலுதட்டில் ஒரு பரு வந்திருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது.

"அம்மா, நான் சேர் கிட்டக் கேக்கல. உன்கிட்டக் கேக்கறேன்" என்றாள். "பழைய மாதிரி சொல்லு. ஏறணும்னா ஒருக்கா கண்ணை மூடித் தொற. வேண்டாம்னா ரெண்டு தடவை."

இரண்டாம் தடவை கேட்டாள். என் வாழ்க்கையில் ஒருத்தி என்னை இரண்டாம் தடவை கேட்டுவிட்டாள்.

கண்ணை மூடினேன். அவளுக்குச் சந்தேகமே வரக் கூடாது என்று நன்றாக அழுத்தி மூடினேன். திறந்தேன். ஒரு தடவை.

அவள் முகம் மெல்ல விரிந்தது. "அப்பா" என்று திரும்பிக் கூப்பிட வாயெடுத்தாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என்னால் அதை மட்டும் அடக்க முடியவில்லை.

"கண்ணுல தூசி விழுந்திருச்சு சாமி" என்றது என் குரல்.

வியாதி இன்னதென்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த இவளிடம் இதையே சொன்னேன். என் அப்பா செத்த வீட்டில் சொன்னேன். வேலையை விட்ட அன்றும், கை பிசைந்த சோறு முதன்முதலில் நழுவி விழுந்த அன்றும் இதே வாக்கியம்தான். இவள் பிறந்ததிலிருந்து கேட்ட வாக்கியம். ஒரு எழுத்துப் பிசகாமல் நாற்காலி அதைத் திருப்பிச் சொன்னது.

மிருதுளா அப்பாவைக் கூப்பிடாமல் என் பக்கம் திரும்பினாள். "நெசமாவாம்மா?"

இல்லை என்று சொல்ல இரண்டு தடவை மூட வேண்டும். மூடினேன். ஆனால் கண்ணீர் விழ விழ இமை தானாகவே அடித்துக்கொண்டது. இரண்டு, மூன்று, நான்கு. எது நான் சொன்னது, எது கண்ணீர் சொன்னது என்று எண்ணி முடிக்க யாராலும் ஆகாது.

"ஆமா சாமி. ரொம்ப உறுத்துது. தொடச்சு விட்டுட்டு நீ போ, லைன் நகருது பாரு."

அவள் சால்வையின் நுனியைச் சுருட்டி வாயால் ஊதிச் சூடாக்கினாள். சின்ன வயசில் நான் அவளுக்குச் செய்தது. கண்ணில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். வலிக்காமல், பொறுமையாக, கண்ணீர் நிற்கும்வரை.

"இப்பச் சரியாம்மா?"

"இப்பப் பரவாயில்ல சாமி."

"பயமா இருந்தா கண்ணை மூடிக்கம்மா. நாங்க சீக்கிரம் வந்துருவோம்" என்று என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள். முகுந்தன் அவள் தோளில் கை போட்டுக்கொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டினார். கொக்கிகள் பூட்டும் சத்தம் கேட்டது. கருடன் ஏற ஆரம்பித்தது. அவள் செருப்பில்லாத கால்களை ஆட்டிக்கொண்டு என்னைத் தேடிக் கையசைத்தாள்.

பக்கத்தில் மூச்சு வாங்க ஒரு பெண் வந்து நின்றாள். தோளில் பெரிய துணிப்பை, கையில் டிபன் கூடை.

"அக்கா, அடுத்த வரிசைக்கு ஓடணும், இதையும் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"

"வெச்சுட்டுப் போங்க கண்ணு" என்றது என் குரல். "நான் எங்க போயிரப் போறேன்?"

அவள் கூடையை என் மடியில் வைத்து, அதன் மேல் துணிப்பையை நிற்க வைத்துவிட்டுப் போனாள். பை என் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. பச்சைத் துணியும் ஒரு ஜவுளிக்கடைப் பெயரும் தெரிந்தன. அதற்குப் பின்னால், மேலே எங்கேயோ, என் மகள் விழும் சத்தம் கேட்டது.